மூன்றாவது கம்பி

ஜூன் 3

அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்க மாட்டாய், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

ஒரு சங்கதி, சிரிக்கக் கூடாது. நான் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டியிருக்கிறேன். கிடாரைச் சொருகினால் அதன் சத்தத்தைப் பெரிதாக்கித் தருகிற பெட்டி. நாலு வால்வும் பழைய ரேடியோக் கடையில் பொறுக்கியவை. போன வருஷம் நீ வீடு மாறும்போது செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் கொடுத்தனுப்பினாயே, அதைத்தான் போட்டிருக்கிறேன். இணைப்புப் படம் நானே போட்டது, உள்ளே வைத்திருக்கிறேன். ஆபீஸில் முப்பது வருஷமாக ஊரார் வீட்டுக்குத்தானே வரைபடம் போடுகிறேன், ஒன்று நமக்கும் இருக்கட்டும்.

வால்வுகள் அழகாகச் சிவந்து எரிகின்றன. ஆனால் சுவிட்சைப் போட்டதும் ஒரு உறுமல். வாசலில் லாரி நிற்கிறதா என்று உன் தம்பி பெண்டாட்டி இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டாள். சத்தக் குமிழைத் திருகினாலும் திருகாவிட்டாலும் அதே உறுமல். நீ பதினெட்டு வருஷம் ரேடியோ ஃபாக்டரியில் உட்கார்ந்தவள். எங்கே பார்க்க வேண்டும், சொல்.

செப்டம்பருக்குள் முடிய வேண்டும். பொழுதுபோக்குத்தான், வேறொன்றுமில்லை.

தம்பி

ஜூன் 10

தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். முழங்கால் என்மேல் கோபமாக இருக்கிறது, நானும் அதனோடு பேசுவதில்லை. மற்றபடி மகன், மருமகள், பேத்தி எல்லோரும் சௌக்கியம். பேத்தி போன வாரம் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டு, ஒரு திருகாணி மிச்சமில்லாமல் திரும்பப் பூட்டிவிட்டாள். ஒன்பது வயது. யார் ரத்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் உயிர், அப்புறம் உறுமல். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கண்டென்சர்கள் முந்நூறு வோல்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கும். அதனால் ஒற்றைக் கையால் வேலை செய். மற்றக் கை முதுகுக்குப் பின்னால். புதிதாக வருகிற பெண்களுக்கு அந்தக் கையை இடுப்பில் சொருகச் சொல்வோம். பிளக்கில் மூன்று கம்பி உண்டு. மூன்றாவது எர்த். உள்ளே எங்காவது கரண்ட் கசிந்து இரும்புத் தட்டுக்கு வந்தால் அந்தக் கம்பி அதை மண்ணுக்குக் கொண்டுபோய்விடும். அது இல்லையென்றால் தொட்டவன் வழியாகப் போகும். இன்னொன்று. சுவிட்சு போடுமுன் கரண்ட் வருகிற வழியில் நூறு வாட் பல்பு ஒன்றைக் கோத்துவிடு. பல்பு மங்கலாக எரிந்தால் பெட்டி சரி. முழுசாக எரிந்தால் உள்ளே கோளாறு.

குமிழுக்கு அசையாத உறுமல் என்றால் கரண்டைச் சுத்தம் பண்ணுகிற பெரிய கண்டென்சர்தான் குற்றவாளி. பழைய கடைச் சரக்கு உள்ளே காய்ந்துபோயிருக்கும். புதிது வாங்கிப் போடு. டிரான்ஸ்பார்மரைச் சந்தேகப்படாதே. அது நான் என் கையால் சுற்றியது. அப்படி ஒன்றை அந்த ஃபாக்டரியில் அதற்கப்புறம் யாரும் சுற்றவில்லை.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். உனக்குக் கிடார் வாசிக்கத் தெரியுமா? உன் மகள் பொடிசு என்ன செய்கிறாள்? உன் கடிதத்தில் மூன்று பேருக்கு இரண்டு பேர்தான் சுகமாக இருக்கிறீர்கள்.

அக்கா

ஜூன் 23

அக்காவுக்கு. மழை விட்டுவிட்டது, என் இருமலும் விட்டுவிட்டது. நீங்கள் எல்லோரும் நலம் என்று படித்துச் சந்தோஷம். அந்தக் குழந்தையின் கைக்கெட்டும்படி எதையும் வைக்காதே.

பல்பு மங்கலாகத்தான் எரிந்தது. புதுக் கண்டென்சர் போட்டதும் லாரி ஸ்கூட்டர் ஆகிவிட்டது. மிச்சம் ஒரு மெல்லிய உறுமல் நிற்கிறது. இப்போது குமிழைத் திருகினால் கூடுகிறது, குறைகிறது.

கிடார் வாசிக்கத் தெரியாது. பெட்டியைச் சோதிக்க, ஆபீஸில் கழித்துப் போட்ட பெரிய டேப் மிஷினைக் கொண்டுவந்து சொருகியிருக்கிறேன். கூட்டங்களைப் பதிவு செய்த நாடாக்கள் கூடவே வந்தன. எங்கள் மேலதிகாரி சாக்கடை பற்றி நாற்பது நிமிஷம் பேசியது பிரமாதமாகக் கேட்கிறது. பின்னணியில் உறுமல்.

பொடிசு இங்கே இல்லை. வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி ஒன்றில் இருக்கிறாள். சௌகரியமாக இருப்பதாகக் கேள்வி.

தம்பி

ஜூலை 1

தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே உடம்புக்கெல்லாம் ஒன்றுமில்லை, மனசுக்குத்தான்.

'கேள்வி'யா? பெற்ற மகளைப் பற்றிப் பேப்பரில் படித்தவன் மாதிரி எழுதுகிறாய். உன் பெண்டாட்டிக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். பொடிசு பாங்க் வேலையை விட்டுவிட்டுக் கிடாரோடு கிளம்பினாளாம். நீ, "இந்த வீட்ல இனிமே அந்தச் சத்தம் கேக்கக் கூடாது"ன்னு சொன்னாயாம். அவள், "அப்ப நானும் கேக்க மாட்டேன்"ன்னு பையைத் தூக்கினாளாம். ஏழு மாசம்! நீ ஆபீஸ் போன பிறகு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகிறாளாம். செப்டம்பர் பதினாலாம் தேதி ஒரு மண்டபத்தில் முதல் முறையாகத் தனியாக வாசித்துப் பாடப்போகிறாள், பெட்டி வாடகைக்குத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறாள். உன் பொழுதுபோக்கு ஏன் செப்டம்பருக்குள் முடிய வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

நல்ல காரியம். வாயால் சொல்ல வராதவன் கையால் செய்கிறாய். செய்.

வால்வுக்குச் சூடு கொடுக்கும் இரண்டு கம்பிகளை நேராக விட்டிருப்பாய். சடை பின்னுகிற மாதிரி நெருக்கமாக முறுக்கி மூலையோடு ஓட்டு. இரும்புத் தட்டில் கண்ட கண்ட இடத்தில் எர்த்தை ஈயம் வைத்துப் பிடித்திருந்தால், எல்லாவற்றையும் பிடுங்கி ஒரே புள்ளியில் சேர்.

அக்கா

ஆகஸ்ட் 4

அக்காவுக்கு. நாங்கள் நலம். பதில் எழுதத் தாமதம், ஆபீஸில் வேலை.

அந்த விஷயத்தை இனி எழுதாதே. பெட்டியைப் பற்றி எழுது.

கம்பி முறுக்கினேன். எர்த் ஒரே புள்ளியில் சேர்த்தேன். தினமும் விடியற்காலை எழுந்து, ஆபீஸ் போகுமுன் இரண்டு மணி நேரம். விரலில் நாலு இடத்தில் சூடு. டேப் மிஷினைப் பிடுங்கினால் பெட்டி பூனை மாதிரி சும்மா இருக்கிறது. சொருகினால் உறுமல். நாற்பது நாள் இருக்கிறது, எனக்குத் தூக்கம் கெட்டுவிட்டது. இந்த உறுமலோடு ஒரு பெட்டியை யாருக்குக் கொடுக்க முடியும்?

தம்பி

ஆகஸ்ட் 11

தம்பிக்கு. எல்லோரும் சௌக்கியம். நீ தூங்கு.

டேப் மிஷினைப் பிடுங்கினால் உறுமல் இல்லை என்கிறாய். அப்படியென்றால் பெட்டி சரியாகிவிட்டது! மிஷினுக்கு ஒரு எர்த், பெட்டிக்கு ஒரு எர்த், இரண்டும் கேபிள் வழியாகக் கைகோத்துச் சுற்றிக்கொண்டு உறுமுகின்றன. கிடாருக்கு ஏது பிளக்? அதில் இந்த வம்பே வராது. ஒரு கிடாரைச் சொருகிப் பார்த்தால் ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும். கிடார் வைத்திருக்கிறவள் ஒருத்தி உன் வீட்டிலிருந்து மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிறாள். "வந்து பாரும்மா"ன்னு ரெண்டு வார்த்தை. மேலதிகாரியின் சாக்கடையை வைத்துக்கொண்டு கிடார்ப் பெட்டியைச் சோதிக்கிறவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான்.

எழுதாதே என்று சொன்னாய். எழுதிவிட்டேன்.

அக்கா

ஆகஸ்ட் 25

அக்காவுக்கு! எல்லோரும் நலம், மூன்று பேரும் நலம்.

உறுமல் போயே போய்விட்டது. டேப் மிஷின் சொருகியிருக்கும்போதே போய்விட்டது. மேலதிகாரி தொண்டையைச் செருமுவது அப்படியே கேட்கிறது. போன சனிக்கிழமை உன் தம்பி பெண்டாட்டி பெட்டியை ரிக்‌ஷாவில் வைத்து விடுதிக்குக் கொண்டுபோனாள். நான் செய்தது என்று சொல்ல வேண்டாம் என்றேன். அவள் படியிலேயே சொல்லிவிட்டாளாம். மறுநாள் பொடிசிடமிருந்து ஒரு வரி வந்தது. "நல்லாருக்குன்னு அப்பாட்ட சொல்லும்மா." அவ்வளவுதான். காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். தினமும் மூன்று மணி நேரம் அதில்தான் பழகுகிறாளாம். கம்பியைத் தொட்டால் விரலில் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறதாம். வால்வுப் பெட்டிக்கே அப்படி ஒரு உயிர் உண்டு போலிருக்கிறது.

இப்போது இருக்கிறபடி புதிதாக வரைந்த படம் உள்ளே. உன் பேத்திக்குக் காட்டு.

தம்பி

செப்டம்பர் 1

தம்பிக்கு. காலையில் தந்தி கொடுத்தேன். 'பெட்டியைத் திரும்ப வாங்கு, கடிதம் வருகிறது' என்று. கிடைத்திருக்கும்.

உறுமல் எப்படிப் போனது என்று நீ எழுதவில்லை. மூன்று மாசமாக ஒரு கம்பி நகர்ந்தாலும் ஒரு பக்கம் எழுதுகிறவன், கடைசி வெற்றியை ஒரு வரியில் முடித்துவிட்டாய். அப்போதே எனக்கு என்னவோ போலிருந்தது. படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஜூனில் நீ அனுப்பிய படத்தில் பிளக்கிலிருந்து மூன்று கோடு புறப்படுகிறது. இதில் இரண்டு. நீ பொய் எழுதுவாய் தம்பி, பொய்யாக ஒரு கோடு போட மாட்டாய். இல்லாததை வரைய உன் கைக்கு வராது.

எர்த்தை வெட்டிவிட்டாய். சுற்று அறுந்தது, அதனால் உறுமல் நின்றது. அந்த எறும்பு உயிர் இல்லை, கசிவு. பதினாலாம் தேதி அவள் மைக்கில் வாய் வைத்துப் பாடப்போகிறாள். மைக் எர்த்தோடு சேர்ந்தது. கை கம்பியில், உதடு மைக்கில், நடுவில் அவள். புரிகிறதா? போய் வாங்கு. இன்றே.

நான் மத்தியானம் மூன்று தரம் வாசலுக்குப் போய்வந்துவிட்டேன், இன்னும் தபால்காரன் கிளம்பியே இருக்க மாட்டான் என்று தெரிந்தும்.

அக்கா

செப்டம்பர் 4

அக்காவுக்கு. நலம்.

தந்தி ஆபீஸுக்கு வந்தது. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பிரித்துப் படித்தால் அதட்டல்.

ஆமாம், வெட்டினேன். கடையில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். கசிவு இருந்தால்தானே மூன்றாவது கம்பிக்கு வேலை? கசிய வேண்டுமானால் டிரான்ஸ்பார்மர் கசிய வேண்டும். அது நீ கையால் சுற்றியது, அதைப் போல் ஒன்று இல்லை என்று எழுதியது நீதான். பிறகு எதற்குப் பயம்? உன் சுற்று நல்ல சுற்றா இல்லையா? ஒன்றைச் சொல்.

ஒன்பது மாசத்துக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு வரி வந்திருக்கிறது. அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு வா என்கிறாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு ஃபாக்டரியில் நாலு விஷயம் தெரிந்திருக்கலாம். எல்லாம் தெரிந்துவிடாது.

தம்பி

செப்டம்பர் 8

பொடிசுக்கு அத்தையின் முத்தம். நன்றாக இருக்கிறாயா என்று வழக்கம்போல் கேட்கவில்லை. இதைப் படிக்கிற நிமிஷமே அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கு. பிடுங்கிவிட்டு வந்து மீதியைப் படி.

பிடுங்கினாயா?

உன் அப்பா பிளக்கில் எர்த் கம்பியை வெட்டிவிட்டான். டேப் மிஷினை வைத்துச் சோதித்தான், அதனால் வந்த உறுமல் அது. உன் கிடாரை ஒரு தரம் சொருகிப் பார்த்திருந்தால் உறுமலே கேட்டிருக்காது. உன்னைக் கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை. அவன் தப்பு அவ்வளவுதான்.

மீதி என் தப்பு. அந்த டிரான்ஸ்பார்மரை நான் சுற்றியது நிஜம். அது தேறவில்லை என்பதும் நிஜம். என் பக்கத்துப் பெஞ்சில் ஒரு செக்கர் இருந்தாள். பதினோரு வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். சுற்றுக்கும் இரும்புக்கும் நடுவே கசிகிறதா என்று மெக்கர் என்கிற மீட்டரை வைத்துப் பார்ப்பது அவள் வேலை. முள் லேசாக அசைந்தது என்று சிவப்பு மை வைத்தாள். "என் சுத்தா? கண்ணைக் கழுவிட்டு வந்து பாருடி" என்றேன். கழுவிவிட்டே வந்து பார்த்தாள். "அசையுதுக்கா. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?" என்றாள். அன்றோடு அவளிடம் பேச்சை விட்டேன். அவள் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. ஃபாக்டரி மூடின வாரம், கழிவுக் கூடையிலிருந்து அதை எடுத்து, மையைத் தின்னர் போட்டுத் துடைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பொறாமையில் வைத்த மை என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாகிவிட்டது. உன் அப்பாவுக்குக் கொடுத்தபோதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன கடிதத்திலும் சொல்லவில்லை. தந்தி ஆபீஸில் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அங்கேயும் எழுத வரவில்லை.

இதையே ஒரு எழுத்து விடாமல் உன் அப்பாவுக்கும் எழுதி, இரண்டையும் ஒன்றாகத் தபாலில் போடுகிறேன். நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். பிளக்கை மட்டும் சொருகாதே.

அத்தை

செப்டம்பர் 16

அத்தைக்கு. நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் கேட்காவிட்டாலும் அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று அப்பா சொன்னார்.

பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் பழகி முடித்துவிட்டு அறைக்கு வந்தபோது உங்கள் கடிதம் கதவிடுக்கில் கிடந்தது. பிடுங்கினேன். மீதியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கீழே தெருவில் ஒரே கூச்சல். ஆம்பளைகளை உள்ளே விட மாட்டோம் என்று வார்டன் கேட்டைச் சாத்திக்கொண்டு நிற்கிறாள். வெளியே அப்பா. செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்து, "பிளக்கைப் புடுங்கு! பிளக்கைப் புடுங்குடீ!" என்று கத்திக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டது. "புடுங்கியாச்சுப்பா!" என்று நானும் கத்தினேன். ஒன்பது மாசத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது இதுதான்.

வார்டன் தன் அறையில் பெட்டியைப் பிரிக்க அனுமதி கொடுத்தாள். "வெடிக்குமா?" என்று மூன்று தரம் கேட்டாள். அப்பா ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எர்த் கம்பியைத் திரும்பச் சேர்த்தார். வழியில் பல்பைக் கோத்துச் சுவிட்சைப் போட்டார். பல்பு முழுசாக எரிந்தது. அறையே பளிச்சென்று ஆகிவிட்டது. வார்டன்கூட, "ஓ, சரியாயிடுச்சா?" என்றாள். அப்பா பிளக்கைப் பிடுங்கினார். ஜூனில் மங்கலாக எரிந்தது, மூன்று வாரம் சூடாகிச் சூடாகி உள்ளே மொத்தமாகக் கெட்டிருக்கும் என்று அப்புறம் சொன்னார். அதுவரை நான் ரப்பர் செருப்போடு, மைக் இல்லாமல் பழகினேன், அத்தை. பதினாலாம் தேதிதான் முதல் தரம் மைக் வைத்துப் பாடுவதாக இருந்தது.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வார்டன் தண்ணீர் கொடுத்தாள். "உங்க அத்தை மேல கோவப்படாதே" என்றார். "உங்க மேல?" என்றேன். "அது உன் இஷ்டம்" என்றார்.

பதினாலாம் தேதி நண்பர் ஒருவரின் பெட்டியில் வாசித்தேன். அப்பா கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம் நின்றே கேட்டார். முடிந்ததும் போய், "எப்படிப்பா?" என்றேன். "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். அப்புறம், "அந்த ரெண்டாவது பாட்டு யார் எழுதினது?" என்றார். நான்தான் என்றேன். அவர் மண்டப வாசலில் செருப்பைத் தேடுகிற மாதிரி ரொம்ப நேரம் குனிந்துகொண்டிருந்தார்.

உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொடிசு

செப்டம்பர் 27

தம்பிக்கு அக்கா. உடம்பு பரவாயில்லை. பேத்தியைக் கூட்டிக்கொண்டு தபாலாபீஸ் வரை நடந்துவந்தேன்.

உன்னிடமிருந்து இன்னும் கடிதம் இல்லை. எழுதியே ஆக வேண்டும் என்றில்லை. திட்டுவதானால் நேரில் வந்து திட்டு, கடிதத்தில் நீ ரொம்ப மரியாதையாகத் திட்டுகிறாய். வரும்போது பொடிசையும் கூட்டிவா. புது டிரான்ஸ்பார்மருக்குக் கடையில் சொல்லியிருப்பாய். வாங்குமுன் மெக்கர் வைத்துக் காட்டச் சொல். முள் அசைந்தால் யார் சுற்றியது என்று பார்க்காதே, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா.

அந்தச் செக்கரின் விலாசத்தைப் பழைய ஃபாக்டரிக்காரி ஒருத்தியிடம் கேட்டு வாங்கிவிட்டேன். மகள் வீட்டில் இருக்கிறாளாம். ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறார்களாம். மூன்று நாளாக அவளுக்கு எழுத உட்காருகிறேன். நலமா என்று கேட்கலாமென்றால், முப்பது வருஷமாக அதைக் கேட்காமல் இருந்தவள் நான்தானே. நேராக விஷயத்துக்குப் போகலாமென்றால், முதல் வார்த்தை வரவில்லை. நாலு காகிதம் கிழித்தாயிற்று. மருமகள் என்னம்மா தேடுறீங்க, தேடித் தரட்டுமா என்கிறாள்.

நீ எழுத்தில் கெட்டி. எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு வரி எழுதி அனுப்பேன்.

வேண்டாம், அனுப்பாதே. மை வைத்தவள் அவள், துடைத்தவள் நான். என் எழுத்தில்தான் அது போக வேண்டும். 'நீ பார்த்தது சரி' என்று ஆரம்பித்துவிடுகிறேன். நலமா என்பதை அதற்குக் கீழே கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா